47 நாள் எரிந்த பச்சை விளக்கு

ஏற்காட்டிலிருந்து அந்த ஃபோன் வந்தது ஒரு சனிக்கிழமை காலை. டிசம்பர் முதல் வாரம், காபிப் பழம் பறிக்கும் பருவம். எஸ்டேட்டில் சனிக்கிழமை என்றால் கூலி நாள்.

"ஏம்மா, பென்டிரைவ்ல இருந்த ஃபோல்டரெல்லாம் ஷார்ட்கட்டா மாறிப்போச்சு. கூலிப் பட்டியல் திறக்கவே மாட்டேங்குது. ஆளுங்க வாசல்ல நிக்கிறாங்க" என்றார் ரைட்டர் ஐயா. எஸ்டேட்களில் கணக்கு எழுதுபவரை ரைட்டர் என்றுதான் சொல்வார்கள். நாங்கள் அங்கே வைத்திருக்கும் வைரஸ் தடுப்புப் பெட்டியில் என்ன விளக்கு எரிகிறது என்று கேட்டேன்.

"பச்சைதாம்மா. எப்பவும் பச்சைதானே எரியுது."

வைரஸ் வந்ததுகூட எனக்குப் பெரிதாகப் படவில்லை. எந்தத் தடுப்பையும் தாண்டி ஒன்று வரத்தான் செய்யும். பச்சை எரிந்தது என்றாரே, அதுதான் வயிற்றைக் கலக்கியது. அந்த விளக்கு எப்போது எரியலாம், எப்போது எரியக் கூடாது என்று நிரல் எழுதியவள் நான்.

சேலம் ஐந்து ரோடு பக்கம் ஒரு சிறிய நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். உள்ளங்கை அளவு ஏஆர்எம் செயலிப் போர்டில் லினக்ஸ் ஏற்றி, ஒரு பெட்டிக்குள் வைத்து விற்கிறோம். ஆத்தூர் பக்கம் சேகோ (ஜவ்வரிசி) ஆலைகள், செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறைகள், சேர்வராயன் மலையில் எஸ்டேட் அலுவலகங்கள் என்று வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள். அலுவலகத்தின் பொதுக் கோப்புறை அந்தப் பெட்டியில்தான் இருக்கும். வெளியிலிருந்து வரும் பென்டிரைவை நேராக விண்டோஸ் கணினியில் செருகக் கூடாது, பெட்டியில் செருக வேண்டும். பெட்டி கோப்புகளைச் சோதித்து, நல்லதை மட்டும் பொதுக் கோப்புறையில் போடும். ஏற்காடு அடிவாரத்துச் சோதனைச்சாவடி மாதிரி என்று வாடிக்கையாளர்களிடம் சொல்லுவோம். உடனே புரிந்துகொள்வார்கள்.

சோதனையைச் செய்வது கிளாம்ஏவி. போலந்தில் தோமாஷ் கோய்ம் என்பவர் 2002இல் தொடங்கிய கட்டற்ற மென்பொருள் அது. 2007இல் சோர்ஸ்ஃபயர் வாங்கியது, 2013இல் சோர்ஸ்ஃபயரையே சிஸ்கோ வாங்கியது. இன்று அவர்களுடைய டாலோஸ் குழு பராமரிக்கிறது. எங்கள் பெட்டிக்கான லினக்ஸை, சின்னப் போர்டுகளுக்கு லினக்ஸ் கட்டித் தரும் பில்ட்ரூட் என்ற கருவி கொண்டு கட்டுகிறோம். அதற்குள் இருக்கும் கிளாம்ஏவி பேக்கேஜை எங்கள் போர்டுகளுக்கு ஏற்றபடி பராமரிப்பது 5 ஆண்டாக என் பொறுப்பு. இப்படி ஒரு வேலைக்கு வருகிறவர்களுக்கு இது பயன்படும் என்றுதான் எழுதுகிறேன்.

சரி, அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன்.

அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறி எஸ்டேட்டுக்குப் போனபோது பதினொன்றரை மணி. பழத்தின் தோலை உரிக்கும் பல்ப்பர் ஓடிக்கொண்டிருந்தது, காபித் தோல் புளித்த வாசம் அலுவலகத்துக்குள்ளும் அடித்தது. ரைட்டர் ஐயா அதற்குள் பழைய பேரேட்டைப் பார்த்துக் கையாலேயே கூலிக் கணக்கை எழுதத் தொடங்கியிருந்தார். பெட்டியில் என் மடிக்கணினியை இணைத்து முதலில் தேதியைக் கேட்டேன். 1970 ஜனவரி 9 என்றது.

போர்டில் பொத்தான் பேட்டரி இல்லை. கரண்ட் போனால் கடிகாரமும் போய்விடும், திரும்ப வந்ததும் 1970 ஜனவரி 1இலிருந்து எண்ணத் தொடங்கும். வழக்கமாக இணையத்தில் என்டிபி வழியே சரியான நேரத்தை வாங்கிக்கொள்ளும். அக்டோபரில் இடி விழுந்து அங்கே இருந்த ரவுட்டர் எரிந்துபோயிருக்கிறது. யாரோ ஒரு சிம் ரவுட்டரை வாங்கி வைத்திருக்கிறார்கள். என்டிபி போக வேண்டிய 123ஆம் போர்ட் அதன் வழியே வெளியே போகவில்லை. கடைசியாகக் கரண்ட் வந்து 8 நாள் ஆகியிருந்தது, அதனால் ஜனவரி 9.

மற்றதெல்லாம் இதன் தொடர்ச்சி. வைரஸ்களை அடையாளம் காட்டும் கையொப்பங்களின் தொகுப்பை இறக்குகிற கிளாம்ஏவி நிரல் ஃப்ரெஷ்கிளாம், ஹெச்டிடிபிஎஸ் வழியேதான் சர்வரோடு பேசும். பெட்டியின் கணக்கில் இன்று 1970. சர்வரின் சான்றிதழோ இன்னும் 50 ஆண்டுக்கு மேல் கழித்துத்தான் செல்லுபடியாகும். ஆகவே ஒவ்வொரு முறையும் இணைப்பை மறுத்துவிட்டது. பெட்டியில் இருந்த தினசரித் தொகுப்பின் தேதியைப் பார்த்தேன், 47 நாள் பழசு. இத்தனை நாளும் பெட்டி கோப்புகளைச் சோதித்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால் 47 நாளுக்கு முன்பு தெரிந்த வைரஸ்களை மட்டுமே தேடியது. அந்தப் பென்டிரைவைச் சேலம் கொண்டுவந்து இரண்டு தொகுப்புகளாலும் சோதித்தேன். பழைய தொகுப்பு சுத்தம் என்றது, அன்றைய தொகுப்பு உடனே பிடித்துவிட்டது.

கிளாம்ஏவி மீது எந்தக் குறையும் சொல்ல முடியாது. தொகுப்பு 7 நாளுக்கு மேல் பழசானால் பெட்டிக்குள் இருக்கும் பதிவேட்டில் (லாக்) எச்சரிக்கும். கடிகாரம் பின்னால் இருந்தால் அதையும் சொல்லும். தொகுப்பின் தேதி எதிர்காலத்தில் இருக்கிறது, கடிகாரத்தைச் சரிபார்க்கவும் என்ற வரி பதிவேட்டில் தெளிவாக இருந்தது. அதைப் படிக்க அந்த மலையில் ஆள் இல்லை. ரைட்டர் ஐயா பார்க்கக்கூடியது விளக்கு ஒன்றைத்தான். நான் விளக்குக்கு எழுதியிருந்த நிபந்தனையோ, பின்னணியில் ஓடிச் சோதனை செய்யும் கிளாம்டி என்ற நிரல் உயிரோடு இருக்கிறதா என்பது மட்டும்.

வைரஸ் தடுப்பு பேக்கேஜ் பராமரிப்பில் நான் எதற்காவது உயிரைக் கொடுத்து வேலை செய்வேன் என்றால் இதற்குத்தான்: "பார்த்தேன், ஒன்றும் இல்லை" என்பதும் "பார்க்கவில்லை" என்பதும் வெளியே ஒரே மாதிரி தெரியக் கூடாது. கம்பைல் ஆவது, போர்டில் ஓடுவது எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

இதே பாடம் ஏற்காட்டுக்கு முன்பே ஒரு தடவை என் முன்னால் வந்தது. அப்போது நான் அதைப் பாதிதான் படித்தேன்.

ஆத்தூர் பக்கம் ஒரு சேகோ ஆலை. குச்சிக்கிழங்கு லோடு வரும் சீசனில் எடைச் சீட்டும், கிழங்கின் மாவுச்சத்தைச் சொல்லும் பாயிண்ட் கணக்கும் பென்டிரைவில் நாள் முழுக்க வந்து போகும். அங்கே வைத்தது 2 ஜிபி ரேம் போர்டு. கிளாம்டி தொடங்கும்போதே எல்லாக் கையொப்பங்களையும் ரேமில் ஏற்றிக்கொள்ளும், அதற்கே 1 ஜிபிக்கு மேல் போய்விடும். சர்வருக்கு 3 ஜிபிக்கு மேல் ரேம் வேண்டும் என்கிறது கிளாம்ஏவி ஆவணம். 2 ஜிபியில் எப்படியோ ஓடுகிறதே என்று நான் தைரியமாக விட்டிருந்தேன்.

2020 செப்டம்பரில் கிளாம்ஏவியின் 0.103 பதிப்பு வந்தது. அதிலிருந்து, புதிய தொகுப்பு வந்தால் பழையதை வைத்துக்கொண்டே புதியதையும் பக்கத்தில் ஏற்றி, முடிந்ததும் மாற்றிக்கொள்ளும். சோதனை ஒரு நொடிகூட நிற்காது. பெரிய சர்வர்களுக்கு நல்ல வசதிதான். எங்கள் போர்டில் அந்தச் சில நிமிடங்களுக்கு ரேம் தேவை இரண்டு மடங்கானது, ரேம் தீர்ந்ததும் லினக்ஸின் கருவான கெர்னல் கிளாம்டியைக் கொன்றது. எங்கள் காவல் நிரல் மறுபடி எழுப்பும். அது ஏறி முடிப்பதற்குள் ஃப்ரெஷ்கிளாம் தான் இறக்கிய தொகுப்பைச் சோதித்துப் பார்க்க இன்னொரு முறை முழுசாக ஏற்றும். மறுபடி கெர்னல் கொல்லும்.

அந்த நேரத்தில் செருகிய பென்டிரைவ்கள் என்ன ஆயின? கோப்பைச் சோதிக்கச் சொல்லும் கட்டளைகளான கிளாம்ஸ்கேன், கிளாம்டிஸ்கேன் இரண்டுமே வேலை முடிந்ததும் ஓர் எண்ணைத் திருப்பித் தரும். 0 என்றால் வைரஸ் இல்லை, 1 என்றால் இருக்கிறது, 2 என்றால் ஏதோ பிழை, சோதனை நடக்கவில்லை. என் ஸ்கிரிப்டில் ஒரே ஒரு நிபந்தனை: எண் 1 என்றால் நிறுத்து, இல்லையென்றால் நகலெடு. கிளாம்டி செத்துக் கிடந்தபோது வந்த 2 எல்லாம் "இல்லையென்றால்" பக்கம் போய்விட்டது. எதுவும் சோதிக்கப்படாமல் அத்தனை கோப்பும் பொதுக் கோப்புறைக்குள் போயிருக்கிறது. அதிர்ஷ்டம், அந்த வாரம் எதிலும் வைரஸ் இல்லை. பதிவேட்டை வாசித்தபோது உடம்பு சில்லிட்டது.

திருத்தங்களைச் சொல்லிவிடுகிறேன். பழையதை இறக்கிவிட்டுப் புதியதை ஏற்றும்படி கிளாம்டியின் அமைப்புக் கோப்பில் கான்கரன்ட் டேட்டாபேஸ் ரீலோட் என்ற வரியை 'நோ' ஆக்கினேன். ஏறும் நேரத்தில் சோதனை காத்திருக்கும், எங்கள் போர்டில் ஒன்றரை நிமிடம் ஆகிறது. பரவாயில்லை, பென்டிரைவ் செருகியவர் காத்திருக்கலாம். ஃப்ரெஷ்கிளாமில் டெஸ்ட் டேட்டாபேசஸ் என்பதை நிறுத்தினேன். ஆனால் அதைச் சும்மா நிறுத்தக் கூடாது, அந்தச் சோதனையை வேறொரு இடத்தில் செய்ய வேண்டும். எங்கே என்று கீழே சொல்கிறேன். ஸ்கிரிப்டில் 0 என்றால் மட்டும் நகலெடு, வேறு எந்த எண் வந்தாலும் தொடாதே என்று திருப்பி எழுதினேன்.

அதோடு வேலை முடிந்தது என்று நினைத்தேன். 47 நாள் பழைய தொகுப்பும் மனப்பூர்வமாக 0 தரும் என்பதை ஏற்காடுதான் காட்டியது.

ஏற்காட்டிலிருந்து இறங்கிய அன்று இரவே, கிளாம்ஏவி 'சுத்தம்' என்று சொல்லக்கூடிய, ஆனால் உண்மையில் பார்த்திருக்காத எல்லா இடங்களையும் ஒரு தாளில் எழுத ஆரம்பித்தேன். தாள் நிறைந்துபோனது.

முதலாவது கோப்பின் அளவு. ஓர் எல்லைக்கு மேல் பெரிய கோப்பை அது முழுதாகப் பார்க்காது, பார்க்காததையும் சொல்லாது, சரி என்று விட்டுவிடும். 0.103இல் அந்த எல்லை 25 எம்பி. 0.105இல் 100 எம்பி ஆக்கினார்கள். அளவு தாண்டியதை எச்சரிக்கையாகச் சொல்லும்படி ஒரு அமைப்பு இருக்கிறது, ஆனால் இயல்பாக அணைந்திருக்கும். கடவுச்சொல் போட்ட ஜிப் கோப்பும் அப்படித்தான். உள்ளே என்ன என்று திறக்க முடியாது, ஆனாலும் சரி என்று வரும். அதற்கும் தனி எச்சரிக்கை உண்டு, அதுவும் இயல்பாக அணைந்தே இருக்கும். இரண்டையும் போட்டுவிட்டேன். கடவுச்சொல் ஜிப்பில்தான் மின்னஞ்சல் வழி மோசடிக்காரர்கள் வைரஸை அனுப்புகிறார்கள், கூடவே கடவுச்சொல்லையும் கடிதத்தில் எழுதி. இதைப் பார்க்காமல் விடுவதில் அர்த்தமே இல்லை.

ஆர்ஏஆர் விஷயம் கொஞ்சம் சிக்கல். கிளாம்ஏவி ஜிபிஎல் இரண்டாம் பதிப்பு உரிமத்தில் வருகிறது. ஆர்ஏஆர் கோப்பைத் திறக்கும் பகுதிக்குத் தனி உரிமம், அதை வைத்து ஆர்ஏஆர் சுருக்க முறையை மறுபடி உருவாக்கக் கூடாது என்று நிபந்தனை போடும் உரிமம். அது முழுமையான கட்டற்ற உரிமம் ஆகாது என்பதால் டெபியனும் அதைத் தனியாகத்தான் வைத்திருக்கிறது. உரிமச் சிக்கல் வேண்டாம், இடமும் மிச்சம் என்று நானும் தொடக்கத்தில் அதை இல்லாமல்தான் கட்டினேன். செவ்வாய்ப்பேட்டைப் பட்டறைகளுக்குக் கொலுசு டிசைன் கோப்புகள் பெரும்பாலும் ஆர்ஏஆராகத்தான் வருகின்றன. அவ்வளவையும் வெளித்தோலை மட்டும் தடவிப் பார்த்து அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறோம். இப்போது எங்கள் முதலாளியிடம் உரிமத்தை வரி வரியாகப் படித்துக் காட்டி, அந்தப் பகுதியைச் சேர்த்து, உரிம நகலையும் பெட்டியோடு கொடுக்கிறோம். பேக்கேஜில் ஒரு வசதியை அணைக்கும்போது, வாடிக்கையாளரிடம் எந்த வகைக் கோப்பு வருகிறது என்று நேரில் போய்க் கேட்டுவிட்டு அணையுங்கள். எவ்வளவு இடம் மிச்சம் என்று மட்டும் பார்த்து முடிவெடுத்தது நான் செய்த தவறு.

பட்டறைகளில் இருப்பது 512 எம்பி ரேம் போர்டு. அதில் கிளாம்டியை ஏற்ற நினைப்பதே வீண். ஒரு தெருவில் நாலைந்து பட்டறைக்குப் பொதுவாக 4 ஜிபி ரேம் உள்ள ஒரு சின்னக் கணினியை வைத்து அதில் கிளாம்டியை ஓடவிட்டோம். பெட்டிகள் 3310ஆம் போர்ட் வழியே கோப்பை அதற்கு அனுப்பிப் பதிலை மட்டும் வாங்கிக்கொள்ளும். இங்கே ஓர் எச்சரிக்கை. அந்தப் போர்ட்டில் கடவுச்சொல்லும் கிடையாது, மறையாக்கமும் கிடையாது. யார் வேண்டுமானாலும் பேசலாம், அணைக்கக்கூடச் சொல்லலாம். நாங்கள் ஒயர்கார்ட் சுரங்கத்துக்குள் (மறையாக்கிய விபிஎன் இணைப்பு) மட்டும் அதைத் திறந்திருக்கிறோம். வெளியே தெரியும்படி வைத்துவிடாதீர்கள்.

கையொப்பம் இறக்குவதற்கு வருகிறேன். ஆரம்பத்தில் எங்கள் அலுவலகத்திலேயே சோதனைக்காக முப்பது பெட்டிக்கு மேல் ஓடும். எல்லாம் ஒரே இணைப்பில், எல்லாம் காலை 6 மணிக்கு, ஒவ்வொன்றும் முழுத் தொகுப்பையும் கேட்கும். பில்டுக்காக நான் எழுதிய ஸ்கிரிப்டும் ஃப்ரெஷ்கிளாம் இல்லாமல் நேரடியாக இறக்கிக்கொண்டிருந்தது. ஒரு நாள் 429 என்று பதில் வந்தது, அதாவது அளவுக்கு மீறிக் கேட்கிறாய், நில். முதலில் கோபம்தான் வந்தது. அப்புறம் யோசித்தால், இலவசமாகக் கொடுக்கிறவர்களிடம் தினமும் முப்பது தடவை அதே மூட்டையைக் கேட்டிருக்கிறோம்.

இப்போது அலுவலகத்தில் ஒரே ஒரு கணினி, கிளாம்ஏவி குழுவே தரும் சிவிடி-அப்டேட் என்ற கருவியால் தொகுப்பை வாங்கும். அங்கேயே முழுசாக ஏற்றிச் சோதிக்கும். பெட்டிகளில் நிறுத்திய சோதனை இங்கே நடக்கிறது. தேறினால்தான் எங்கள் வெப் சர்வருக்குப் போகும், பெட்டிகள் பிரைவேட் மிரர் அமைப்பு வழியே அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். எல்லாப் பெட்டியும் ஒரே நிமிடத்தில் வராமல், பெட்டியின் வரிசை எண்ணை வைத்து நேரத்தைச் சிதறடித்திருக்கிறேன்.

ஃபிளாஷ் தேய்மானமும் இடமும் ஒரு தலைவலி. மாற்றங்களை மட்டும் இறக்கும்போது, சுருக்கி வைத்த தினசரித் தொகுப்பு விரிந்து, சிஎல்டி என்ற சுருக்கப்படாத கோப்பாகிவிடும். அளவு எதிர்பார்த்ததைவிட அதிகமாகும், ஃபிளாஷில் அதற்கான பகிர்வுக்கு (பார்ட்டிஷன்) இடம் ஒதுக்கும்போது அதையும் கணக்கில் வையுங்கள். அதோடு, இறக்கும் நடுவில் கரண்ட் போனால் ஒரு தற்காலிகக் கோப்புறை அங்கேயே கிடக்கும். மலையில் மழைக்காலத்தில் ஒரே நாளில் பல தடவை கரண்ட் போய் வரும். ஒரு பெட்டியில் அப்படிச் சேர்ந்த கோப்புறைகளே பகிர்வை நிரப்பி, புதிய தொகுப்பு இறங்க இடமில்லாமல் செய்திருந்தன. பெட்டி எழுந்ததும், ஃப்ரெஷ்கிளாம் தொடங்குமுன் அவற்றை அழிக்கும் இரண்டு வரியைத் தொடக்க ஸ்கிரிப்டில் சேர்த்தேன்.

ரஸ்ட் என்ற நிரல் மொழி பற்றியும் சொல்ல வேண்டும், பேக்கேஜ் வேலையில் அதிக நாள் தின்றது அதுதான். 0.104இல் கட்டும் முறை சிமேக் என்ற கருவிக்கு மாறியது. சிமேக் சில சின்ன நிரல்களைக் கட்டி ஓட்டிப் பார்த்து முடிவெடுக்கும். நாம் கட்டுவது எக்ஸ்86 கணினியில், நிரலோ ஏஆர்எம்முக்கானது, அங்கே ஓடாது. அந்தக் கேள்விகளுக்கெல்லாம் பதிலை முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். அது இரண்டு நாள் வேலை. 2022 மே மாதம் 0.105 வந்தபோது ரஸ்ட் இல்லாமல் கட்டவே முடியாது என்றாகிவிட்டது. எங்கள் பழைய டூல்செயினில் (கம்பைல் செய்யும் கருவித் தொகுப்பு) ரஸ்ட் இல்லை. வெளியிட்ட டார் கோப்பில் ரஸ்ட் நூலகங்களெல்லாம் உள்ளேயே இருக்கும், இணையம் இல்லாமல் கட்டலாம். நான் கிட் களஞ்சியத்தின் டேக்கிலிருந்து எடுத்த, அந்த நூலகங்கள் இல்லாத மூலத்தை வைத்துக்கொண்டு, பில்ட் ஏன் இணையத்துக்குப் போகிறது என்று ஒரு வாரம் தலையை உடைத்துக்கொண்டேன். டார் கோப்பை எடுங்கள், ஷா256 ஹாஷை பேக்கேஜின் ஹாஷ் கோப்பில் எழுதுங்கள், அவ்வளவுதான். ஒருவேளை உங்கள் போர்டில் இருப்பது மிப்ஸ் வகைச் செயலி என்றால் முதலில் வேறு யோசனை செய்யுங்கள். 2023இல் ரஸ்ட் 1.72 பதிப்போடு மிப்ஸை, ஆதரவு மிகக் குறைந்த மூன்றாம் அடுக்குக்கு இறக்கிவிட்டார்கள்.

அதனால் கொஞ்ச காலம் 0.103 நீண்ட கால ஆதரவுப் பதிப்பிலேயே இருந்தோம். பழசிலேயே இருக்கிறோமே என்று கூச்சமாக இருந்தது. 2023 பிப்ரவரியில் அந்தக் கூச்சம் போனது. ஆப்பிள் கணினிகளின் ஹெச்எஃப்எஸ் பிளஸ் வட்டுப் படிமத்தைப் படிக்கும் பகுதியில் ஓட்டை என்று அறிவித்தார்கள். தப்பான கோப்பைச் சோதிக்கக் கொடுத்தாலே போதும், சோதிக்கிறவனையே கைப்பற்றலாம். தீவிர மதிப்பு 10க்கு 9.8. 1.0.1, 0.105.2, 0.103.8 மூன்றையும் ஒரே நாளில் வெளியிட்டார்கள். 0.103.8 எங்களுக்கு அன்றே கம்பைல் ஆனது. எண்ணில் புதியதாக இருப்பதைவிட, திருத்தம் வரும் கிளையில் இருப்பதுதான் முக்கியம் என்று அன்று உறுதியாக நம்பினேன், இன்றும் நம்புகிறேன்.

அந்த வாரம் முழுக்க ஓட்டம். இணைய வசதி சரியில்லாத இடங்களுக்கு, திருத்திய பெட்டி மென்பொருளைப் பென்டிரைவில் எடுத்துக்கொண்டு நேரில் போனோம். ஏற்காட்டில் மட்டும் 4 எஸ்டேட். வைரஸ் தடுப்பே முகம் தெரியாதவர்களின் கோப்புகளை நாள் முழுக்கத் திறந்து பார்க்கிற நிரல், அதை எல்லாம் செய்யக்கூடிய ரூட் அதிகாரத்தில் ஓடவிடவே கூடாது. எங்கள் பேக்கேஜில் கிளாம்டிக்குத் தனிப் பயனர், பென்டிரைவை வாசிக்க மட்டுமே அனுமதி, வேறு எங்கும் எழுத முடியாது.

வைரஸ் தடுப்பு இருக்கிறதே, பெட்டிக்கு ஒன்றும் ஆகாதே என்று கேட்கும் வாடிக்கையாளர்கள் உண்டு. அவர்களிடம் 2016இல் பரவிய மிராய் பற்றிச் சொல்வேன். மாற்றாமல் விட்ட டெல்நெட் கடவுச்சொற்களை வைத்துக் கேமராக்கள், ரவுட்டர்களுக்குள் நுழைந்தது. நினைவகத்தில் மட்டுமே வாழும், வட்டில் இருந்த தன் கோப்பை அழித்துவிடும். கோப்புகளைத் தேடும் கருவிக்கு அங்கே பார்க்க ஒன்றுமே இல்லை. பெட்டியைக் காப்பது கடவுச்சொல்லும், மூடிய போர்ட்டும், நேரத்தில் போடும் திருத்தமும்தான். கிளாம்ஏவி காப்பது பெட்டியின் வழியே போகும் கோப்புகளை. இந்த வித்தியாசத்தை விற்கும்போதே சொல்லிவிடுகிறோம்.

இனி விளக்கு. பெட்டியில் இருப்பது சிவப்பும் பச்சையும் ஒரே குமிழில் இருக்கிற இருநிற எல்இடி. இரண்டையும் ஒன்றாக எரியவிட்டால் மஞ்சள். புதுப் பாகம் எதுவும் தேவைப்படவில்லை, 5 ஆண்டாக என் கைக்குள்ளேயே மூன்றாவது நிறம் இருந்திருக்கிறது. மஞ்சள் என்றால் "நான் பார்க்கவில்லை". பச்சை எரிய இப்போது எல்லாம் கூடி வர வேண்டும். கோப்புக்குப் பதில் 0. கிளாம்டியிடம் வெர்ஷன் கேட்டால் தொகுப்பின் எண்ணும் தேதியும் சொல்லும், அந்தத் தேதி 3 நாளுக்குள். முந்தைய இரவின் ஈகார் சோதனை தேறியிருக்க வேண்டும். ஈகார் என்பது 68 பைட் உள்ள ஒரு தீங்கற்ற கோப்பு, எல்லா வைரஸ் தடுப்பும் அதை வைரஸ் என்று சொல்ல வேண்டும் என்று உலகம் முழுக்க ஒத்துக்கொண்டது. அதை இரண்டு துண்டாக வைத்து, இரவு 2 மணிக்கு ஒட்டி, கிளாம்டியிடம் கொடுப்போம். பிடித்தேன் என்று சொல்லவில்லையென்றால் காலையில் மஞ்சள்தான். ஏதாவது ஒன்று தெரியவில்லை, பதில் வரவில்லை, நேரம் கடந்துவிட்டது என்றாலும் மஞ்சள்.

தேதியை நம்புவதற்கும் வழி செய்தோம். புதிய பெட்டிகளில் பொத்தான் பேட்டரியோடு கடிகாரச் சில்லு உண்டு. பழையவற்றில், பெட்டி எழும்போது தொகுப்புக் கோப்பின் முதல் 512 பைட்டை வாசிக்கிறோம். அந்தத் தலைப்பகுதி வெறும் எழுத்துதான், முக்காற்புள்ளி போட்டுப் பிரித்த புலங்கள், அதில் தொகுப்பு உருவான நேரம் இருக்கும். இன்றைய தேதி அதற்கு முன்னால் இருக்க முடியாது. ஆகவே கடிகாரத்தைக் குறைந்தது அங்கே கொண்டுபோய் வைத்துவிடுகிறோம். சான்றிதழைச் சரிபார்க்கப் பெரும்பாலும் அது போதும். அப்புறம் என்டிபி கிடைத்தால் சரி, கிடைக்காவிட்டால் எங்கள் சர்வரின் பதிலில் வரும் தேதியை எடுத்துக்கொள்ளும்.

ஏற்காட்டுப் பெட்டியில் இதை ஏற்றப் போனபோது ரைட்டர் ஐயாவிடம் மூன்று நிறத்தையும் எரியவைத்துக் காட்டினேன். "மஞ்சள்னா கெட்டதாம்மா?" என்றார். "கெட்டது இல்லைங்க ஐயா, அதுக்குத் தெரியலைன்னு அர்த்தம். அது உங்ககிட்ட மறைக்காம சொல்லுது" என்றேன். கொஞ்சநேரம் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தவர், "தெரியலைன்னா தெரியலைன்னு சொல்றது நல்லதுதானே" என்று மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு தபால் உறையை எடுத்தார். மஞ்சள் காட்டும் பென்டிரைவ்களைப் போட்டுவைக்க, அதன் மேல் 'மஞ்சள்' என்று பேனாவால் பெரிதாக எழுதி, இழுப்பறைக்குள் வைத்தார்.

போன வாரம் அந்த உறையில் 3 பென்டிரைவ் இருந்தன. ஒன்றில் டிரோன் எடுத்த எஸ்டேட் வீடியோ, 100 எம்பிக்கு மேல். ஒன்றில் கடவுச்சொல் போட்ட ஜிப், வங்கிக் கணக்கறிக்கை. மூன்றாவது செருகியபோது கிளாம்டி புதிய தொகுப்பை ஏற்றிக்கொண்டிருந்திருக்கிறது, எங்கள் நிரல் ஒரு நிமிடம்தான் காத்திருக்கிறது, அதைத் திருத்தி ஒன்றரை நிமிடத்துக்கு மேல் வைக்க வேண்டும். குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். அதே பென்டிரைவை அவர் கண் முன்னால் மறுபடி செருகினேன், பச்சை வந்தது. அதன் பிறகுதான் கூலிப் பட்டியலைத் திறந்தார்.